குடியுரிமை விண்ணப்பம்: ‘பேசாமல் இருங்கள், வரும்’ என்பது எல்லோருக்கும் பொருந்தாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கனடியக் குடியுரிமை விண்ணப்பம் இழுபடுவது பற்றி யார் கேட்டாலும் நமது பத்திரிகைகளிலும் வானொலிகளிலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: “போட்டாயிற்றல்லவா, பேசாமல் இருங்கள், வரும்.” பலருக்கு அப்படி வந்தும் விடுகிறது. வராமல் நிற்பவர்களுக்குத்தான் இந்தப் பதில் கெடுதல் செய்கிறது. விண்ணப்பம் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் பொருள் அல்ல. நாள் கணக்கு, மொழி, பரீட்சை, பின்னணிச் சோதனை, தடைகள், சத்தியப்பிரமாணம் என்று தனித்தனிப் பகுதிகளாக அது பார்க்கப்படுகிறது. எந்தப் பகுதியில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்து யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியும். படிவம் நிரப்ப உதவும் தொண்டர்கள் என்ற முறையில் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இடமில்லையென்றால் இரண்டு வாரமாகப் பிரித்துப் போட்டாலும் சரி.

முதலில் நாள் கணக்கு. படிவத்தில் கையெழுத்திடும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளுக்குள் 1,095 நாட்கள் கனடாவில் உடல்ரீதியாக இருந்திருக்க வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். பிஆர் (நிரந்தர வதிவிடம்) கிடைப்பதற்கு முன் இருந்த நாட்களுக்கு அரை நாள் வீதம், அதிகபட்சம் 365 நாள் வரை சேர்க்கலாம் என்பதும் தெரியும். எந்த நாட்கள் அந்த அரை நாளுக்குள் வரும் என்பதில்தான் தவறு நடக்கிறது. மாணவர் விசா, வேலை விசா, வருகையாளர் விசாவில் இருந்த நாட்கள் வரும். அகதிக் கோரிக்கை வைத்துவிட்டு விசாரணைக்குக் காத்திருந்த நாட்கள் வராது. அந்தக் காலத்தில் கையில் வேலை அனுமதிப் பத்திரம் இருந்தாலும் வராது, ஏனென்றால் கோரிக்கையாளருக்குக் கொடுக்கப்படும் அந்தப் பத்திரம் தற்காலிக வதிவிட அந்தஸ்தைத் தருவதில்லை. கோரிக்கை ஏற்கப்பட்டதாக முடிவு வந்த நாளிலிருந்துதான் அரைக் கணக்கு தொடங்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 2021 மே 1 ஆம் திகதி அகதி முடிவு, 2022 நவம்பர் 1 ஆம் திகதி பிஆர். இடையில் 549 நாட்கள், அதில் பாதி 274.5. ஆகவே பிஆருக்குப் பிறகு அவர் 821 நாட்கள் இருக்க வேண்டும். நாட்டை விட்டு வெளியே போகாமலே இருந்தாலும் 2025 ஜனவரி இறுதியில்தான் அது நிறையும். காத்திருந்த காலத்தையும் கூட்டி, “எனக்கு முழு 365 இருக்கிறது” என்று நினைப்பவர் 2024 நவம்பர் பிறந்தவுடனேயே கையெழுத்திட்டு விடுவார். மூன்று மாதம் முந்திவிட்டார். அந்த விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடந்து, கடைசியில் மறுக்கப்படும். பரிசீலனைக் கட்டணம் 530 டொலர் போனது போனதுதான். குடியுரிமை உரிமைக் கட்டணம் மட்டும் (2025 மார்ச் 31 அன்று 119.75 டொலராக்கப்பட்டது) திரும்பி வரும்.

பயண நாட்களையும் ஞாபகத்திலிருந்து எழுதுகிறார்கள். புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். பஃபலோவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பினால் கழிவு பூச்சியம், ஆனாலும் அதை நாள் கணக்குப் போடும் இணையக் கணிப்பியில் காட்டத்தான் வேண்டும். எல்லைச் சேவைகள் முகமை உள்ளே வருபவரை மட்டுமல்ல, வெளியே போகிறவரையும் பதிவு செய்கிறது. தரைவழியில் 2019 இலிருந்தும் விமானவழியில் 2020 இலிருந்தும் இது நடக்கிறது. விண்ணப்பத்தில் நீங்கள் கொடுக்கும் சம்மதத்தின் பேரில் அந்தப் பதிவை அதிகாரி எடுத்துப் பார்ப்பார். இரண்டும் பொருந்தாவிட்டால் வதிவிடக் கேள்விக்கொத்து என்ற சிஐடி (CIT) 0171 படிவம் வீட்டுக்கு வரும். வாடகை ஒப்பந்தம், வேலைக் கடிதம், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம், வங்கிக் கூற்று என்று ஐந்து ஆண்டுக்கும் ஆதாரம் தேட வேண்டியிருக்கும். கோப்பும் சாதாரண ஓட்டத்திலிருந்து விலகிவிடும். இதைத் தவிர்க்க இரண்டு காரியம் போதும்: கையெழுத்திடுவதற்கு முன் உங்கள் பயண வரலாற்றை எல்லைச் சேவைகள் முகமையிடமிருந்து எழுதிப் பெறுங்கள். 1,095 ஐத் தொட்ட அன்றே ஓடாமல், இரண்டு மூன்று வாரமாவது கூடுதலாக விட்டுப் போடுங்கள். கையெழுத்திட்ட படிவத்தை மேசையில் வைத்திருப்பதும் கூடாது. 90 நாளுக்கு முந்திய கையெழுத்தென்றால் பொதி அப்படியே திரும்பி வரும்.

கடந்த நான்கு ஆண்டுகளுக்குள் வேறொரு நாட்டில் தொடர்ச்சியாக 183 நாட்கள் அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். தாய் தகப்பனைப் பார்க்கப் போய் ஆறு மாதத்துக்கு மேல் நின்றவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இலங்கையிலிருந்து அதை எடுத்து முடிக்கும் காலத்தையும் காத்திருப்புக் காலத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது பெயர். இது நமது சமூகத்துக்கே உரிய சிக்கல். தகப்பன் பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் இருக்கும் கடவுச்சீட்டு. அதை மாற்றிப் போட்டிருக்கும் ஓட்டுநர் உரிமம். முதலெழுத்தோடு நிற்கும் பிறப்புச் சான்றிதழ். ‘ஸ்ரீ’ ஓரிடத்தில் எஸ்ஆர்ஐ, இன்னோரிடத்தில் எஸ்எச்ஆர்ஐ. குடியுரிமைச் சான்றிதழில் ஏறப்போவது உங்கள் பிஆர் உறுதிப்படுத்தல் பத்திரத்தில், அதாவது எம்மவர் லாண்டிங் பேப்பர் என்று சொல்வதில், உள்ள பெயர். மற்ற ஆவணங்கள் அதனோடு பொருந்தாவிட்டால் அதிகாரி விளக்கம் கேட்பார், கோப்பு நிற்கும். லாண்டிங் பேப்பரில் பிழையென்றால் ஐஎம்எம் 5218 என்ற திருத்தப் படிவம் இருக்கிறது. ஆனால் அது குடிவரவுத் திணைக்களம் விட்ட பிழைக்கு மட்டும். நீங்கள் கொடுத்த ஆவணத்தில் இருந்தபடியே அவர்கள் எழுதியிருந்தால் அந்தப் படிவம் உதவாது. ஒன்ராறியோவில் சட்டப்படி பெயரை மாற்றி, அந்தச் சான்றிதழை இணைக்க வேண்டும். இதை விண்ணப்பத்துக்கு முன்பு செய்துவிடுவதே நல்லது. நடுவில் செய்தால் இணையவழிப் படிவம் மூலம் அறிவித்து, அது கோப்பில் ஏறும்வரை இன்னொரு காத்திருப்பு.

பெயர்ப் பிரச்சினை பின்னணிச் சோதனையிலும் தலைகாட்டும். மத்திய பொலிஸான ஆர்சிஎம்பியின் குற்றப் பதிவுத் தேடல் பெயரையும் பிறந்த திகதியையும் வைத்தே தொடங்குகிறது. வேறொருவரின் பதிவோடு ஒத்திருந்தால் கைரேகை கேட்டுக் கடிதம் வரும். ஒரே பெயர் பல பேருக்கு, சரியான திகதி தெரியாமல் ஜனவரி 1 என்று எழுதப்பட்ட பிறந்தநாளும் பல பேருக்கு. கைரேகைக் கடிதம் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆர்சிஎம்பி அங்கீகாரம் பெற்ற இடத்தில் மின்முறையில் கொடுத்து, கடிதத்தில் உள்ள இலக்கத்தைச் சரியாகச் சேர்த்தார்களா என்று பார்த்து, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, முழுமையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு, பெற்றுக்கொண்டதற்கான கடிதம் வரும். அதில் உள்ள விண்ணப்ப இலக்கத்தோடும் யூசிஐ என்ற உங்கள் தனி அடையாள இலக்கத்தோடும் குடியுரிமை நிலை காட்டும் இணையப் பக்கத்தில் கணக்குத் திறக்க முடியும். மேலே சொன்ன பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் எதிரே தொடங்கவில்லை, நடைபெறுகிறது, முடிந்தது என்று அங்கே காட்டும். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் பார்ப்பதால் ஒன்றும் அசையாது.

மின்னஞ்சல் விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். பரீட்சை அழைப்பு மின்னஞ்சலில்தான் வருகிறது, வேண்டாத அஞ்சல் பெட்டிக்குள் போய் விழுவதும் சாதாரணம். படிவம் நிரப்பிக் கொடுத்தவர் தன் மின்னஞ்சலையே போட்டிருந்தால் அழைப்பு அவருக்குப் போகும். அவர் விடுமுறையில் இருப்பார். தகுந்த காரணமில்லாமல் அழைப்பைத் தவறவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. மகனின் மின்னஞ்சலோ மகளின் மின்னஞ்சலோ, வீட்டில் ஒருவர் பார்க்கும் முகவரியாக இருக்கட்டும். வீடு மாறினால் அதையும் அறிவியுங்கள்.

பரீட்சையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருபது கேள்வி, பதினைந்து சரியாக இருக்க வேண்டும், 45 நிமிடம். கொடுக்கப்பட்ட 30 நாளுக்குள் மூன்று முயற்சி. விண்ணப்ப நாளில் 55 வயதானவருக்குப் பரீட்சையும் இல்லை, மொழிச் சான்றும் இல்லை. 54 வயதில் போட்டுவிட்டு, காத்திருக்கும்போது 55 ஆகிவிட்டதே என்று கேட்பதில் பயனில்லை. எண்ணப்படுவது விண்ணப்பம் போட்ட நாளின் வயது. அப்படிப்பட்டவர் ஆங்கிலத்தில் சிரமப்படுபவர் என்றால் சில மாதம் பொறுத்துப் போடுவதே புத்திசாலித்தனம்.

இனி, நமது பத்திரிகைகள் தொடவே தயங்கும் விடயத்துக்கு வருகிறோம். அகதி அந்தஸ்து பெற்று, அதன் வழியாக பிஆர் எடுத்தவர்கள், குடியுரிமை கைக்கு வரும்வரை இலங்கைக் கடவுச்சீட்டை எடுப்பதோ புதுப்பிப்பதோ, அதில் இலங்கைக்குப் போவதோ ஆபத்து. 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஒருவர் தானாக விரும்பித் தன் நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடினார் என்று அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் அகதிப் பாதுகாப்புப் பிரிவு முடிவு செய்தால் அகதி அந்தஸ்தோடு பிஆரும் போய்விடும். அதற்கு எதிராக அகதி மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது, ஃபெடரல் நீதிமன்றத்தில் மீளாய்வு கோருவது ஒன்றே வழி. பிஆர் எடுத்து எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் இது பொருந்தும்.

இதற்கும் குடியுரிமைக் காத்திருப்புக்கும் என்ன தொடர்பு? நேரடித் தொடர்பு. பயணங்களையும் கடவுச்சீட்டு விபரங்களையும் நீங்களே எழுதி ஒப்படைக்கும் இடம் குடியுரிமை விண்ணப்பம். கொழும்புக்குப் போன பயணம் அங்கே தெரிந்தவுடன் கோப்பு எல்லைச் சேவைகள் முகமைக்குப் போகலாம். குடியுரிமைச் சட்டத்தின் 13.1 ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கலாம். வெளியே பார்ப்பவருக்குப் பின்னணிச் சோதனை ‘நடைபெறுகிறது’ என்று மட்டும் தெரியும். “பேசாமல் இருங்கள்” என்ற ஆலோசனை மிகவும் மோசமாகப் போவது இவர்களுக்குத்தான். இவர்கள் உடனே அகதி வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். 2022 இல் கலிண்டோ கமாயோ வழக்கில் ஃபெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம், எந்த அம்சங்களைப் பார்க்க வேண்டும் என்று விளக்கியிருக்கிறது: பயணத்தின் நோக்கம், அங்கே எடுத்த முன்னெச்சரிக்கை, துன்புறுத்தியது அரசா வேறு தரப்பா, இதனால் வரும் விளைவு அவருக்குத் தெரிந்திருந்ததா என்பன அவற்றில் சில. ஆகவே தாயின் மரணச் சடங்குக்கு ஒரு வாரம் போனவரின் நிலையும், ஆண்டுதோறும் விடுமுறைக்குப் போனவரின் நிலையும் ஒன்றல்ல. ஆனால் அதை எழுத்தில், ஆதாரத்தோடு, உரிய நேரத்தில் சொல்ல வேண்டும்.

பயணத்தை மறைத்து விண்ணப்பம் போடுங்கள் என்று ஆலோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போகாதீர்கள். மறைத்தது தெரியவந்தால் அது பொய்யான தகவல் கொடுத்த தனிக் குற்றமாகும். பெற்ற குடியுரிமையையும் அதை வைத்துப் பறிக்கலாம். போகத்தான் வேண்டுமென்றால் அகதிகளுக்கான பயண ஆவணம் இருக்கிறது. அதில் இலங்கைக்குப் போக முடியாது, ஆனால் உறவினர் வந்து சந்திக்கக்கூடிய மூன்றாவது நாட்டுக்கு, விசா எடுத்துப் போகலாம். கணவன் அல்லது மனைவியின் ஸ்பொன்சரில் வந்து, தமக்கென அகதிக் கோரிக்கை எதுவும் வைக்காதவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் வீணாகப் பயப்படுவதையும் பார்க்கிறோம்.

தடைகள் என்ற பகுதியில் பெரும்பாலும் அகப்படுவது மது அருந்தி வாகனம் ஓட்டிய வழக்கு. “சின்ன வழக்குத்தானே” என்பார்கள். சுருக்கமாகவும் கடுமையாகவும் நடத்தக்கூடிய இரட்டை வகைக் குற்றம் அது. அரசதரப்பு எந்த வகை என்று தெரிவு செய்யும்வரை கடுமையான வகையாகவே கருதப்படும். கடுமையான வகையில் வழக்கு நிலுவையில் இருக்கும்வரை குடியுரிமை கொடுக்க முடியாது. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும் காலமும் தடைக்குரியது, அந்த நாட்கள் 1,095 இல் சேராது. விண்ணப்பித்த பிறகு குற்றச்சாட்டு வந்தாலும் அறிவிக்க வேண்டும். கணவன் மனைவி பிள்ளைகள் ஒன்றாகப் போட்டிருந்தால் ஒருவரின் தடை மற்றவர்களையும் பிடித்து வைக்கும். தனித்தனியாகப் பரிசீலிக்கும்படி மற்றவர்கள் இணையவழிப் படிவத்தில் எழுதிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சேர்ந்தே கிடக்கும்.

எவ்வளவு காலம் பொறுப்பது? திணைக்களம் தனக்கே வைத்திருக்கும் சேவைக் காலம் 12 மாதம். அதைத் தாண்டியும் நிலைப் பக்கம் அசையாவிட்டால் முதலில் செய்ய வேண்டியது கோப்புக் குறிப்புகளைக் கேட்பது. தனியுரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் கோப்பை நீங்களே கேட்டால் கட்டணம் இல்லை. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டால் 5 டொலர். சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும், நீட்டிக்கவும் அவர்களால் முடியும். வரும் பக்கங்களில் பாதுகாப்புப் பகுதி கறுப்பாக அழிக்கப்பட்டிருக்கலாம். அப்படியிருந்தும் குற்றப் பதிவுச் சோதனை எப்போது முடிந்தது, பாதுகாப்புச் சோதனை எப்போது அனுப்பப்பட்டது, கடைசியாக ஒரு அதிகாரி எப்போது கோப்பைத் திறந்தார் என்பவை பெரும்பாலும் தெரியவரும்.

அந்தத் தாள்களோடு உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போங்கள். வரிசையில் முன்னால் தள்ளிவிட அவர்களால் முடியாது, ஆனால் சம்மதப் படிவம் கொடுத்தால் திணைக்களத்திடம் நேரடியாக விசாரிப்பார்கள். “என் கேஸ் லேட்” என்று மொட்டையாகச் சொன்னால் அவர்களுக்கும் மொட்டையான பதில்தான் கிடைக்கும். “பாதுகாப்புச் சோதனை இந்தத் திகதியில் அனுப்பப்பட்டது, அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை” என்று சொல்லுங்கள்.

அதுவும் பலிக்காவிட்டால் ஃபெடரல் நீதிமன்றம். முடிவு கொடுக்கும்படி திணைக்களத்துக்குக் கட்டளையிடக் கோரும் மனு அது, மண்டமஸ் என்பார்கள். நீதிமன்றக் கட்டணம் 50 டொலர், வழக்கறிஞர் கட்டணம் வேறு. 1998 ஆம் ஆண்டின் கோனீல் தீர்ப்பு இன்றைக்கும் அளவுகோல்: இந்த வகை வேலைக்குத் தேவைப்படுவதை விட அதிக காலம் போயிருக்க வேண்டும், தாமதத்துக்கு விண்ணப்பதாரரோ அவரது சட்டத்தரணியோ காரணமாக இருக்கக்கூடாது, திணைக்களத்திடம் திருப்தியான விளக்கம் இருக்கக்கூடாது. இரண்டாவது அம்சத்தில்தான் நம்மவர் தோற்கிறார்கள். கேட்ட ஆவணத்தைப் பிந்திக் கொடுத்தவர், விலாசம் மாறியதை அறிவிக்காதவர் இந்த வழியில் போய்ப் பயனில்லை. ஆகவே அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் திகதியோடு பிரதி வைத்திருங்கள். மனுப் போடுவதற்கு முன் வழக்கறிஞர் அனுப்பும் கோரிக்கைக் கடிதத்தோடேயே அசையும் கோப்புகளும் உண்டு.

காத்திருக்கும் காலத்தில் பிஆர் அட்டை காலாவதியாவதை விட்டுவிடாதீர்கள். குடியுரிமை விண்ணப்பத்துக்கு அது தடையல்ல, ஆனால் வெளிநாடு போனவர் அது இல்லாமல் விமானத்தில் ஏறித் திரும்ப, அங்கேயே தனிப் பயண ஆவணம் எடுக்க வேண்டியிருக்கும். சத்தியப்பிரமாணம் எடுக்கும்போது கனடாவுக்குள் இருக்க வேண்டும். காணொளி வழியாக நடக்கும் நிகழ்வில் அதிகாரியின் கண்முன்னே பிஆர் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டச் சொல்வார்கள். அதன்பிறகு கனடியக் கடவுச்சீட்டு வரும்வரை பயணமில்லை. எனவே அந்த வாரத்துக்கு விமானச்சீட்டு வாங்கி வைக்காதீர்கள். சின் எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கப் பதிவிலும் அந்தஸ்தை மாற்ற வேண்டும். இந்தியக் குடியுரிமையில் இருந்தவர்களுக்கு அது சட்டப்படி தானாகவே போய்விடும், கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். இலங்கையர் இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். குடிவரவு விடயத்தில் பணம் வாங்கி ஆலோசனை சொல்லவும் ஒருவரின் சார்பில் செயற்படவும் சட்டப்படி உரிமை உள்ளவர்கள் வழக்கறிஞர்கள், ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற பராலீகல்கள், கியூபெக் நொத்தாரிசுகள், ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே. பெயர் போட்டுப் பார்த்தால் உரிமம் நடப்பில் உள்ளதா என்று அந்தந்த அமைப்பின் இணையப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். உங்கள் பத்திரிகை உட்பட எல்லாத் தமிழ்ப் பத்திரிகைகளிலும் ‘குடியுரிமைப் படிவம் நிரப்பித் தரப்படும், விரைவில் பெற்றுத் தரப்படும்’ என்ற விளம்பரங்கள் உரிம இலக்கம் எதுவுமின்றி வருகின்றன. விரைவில் பெற்றுத் தர யாராலும் முடியாது. அப்படிப்பட்ட விளம்பரத்தை ஏற்பதற்கு முன் உரிம இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அதையும் சேர்த்தே அச்சிடுங்கள். இலக்கம் தர மறுப்பவரின் விளம்பரத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இங்ஙனம்,
குடிவரவுப் படிவ உதவித் தொண்டர்கள் சிலர்,
ஸ்காபரோ.